ஐயரின் வலது கை

எங்கள் ஊர்க் கோயிலில் ஆசீர்வாத நேரத்தில் மட்டும் ஒரு இருமல் வரும். ஆராதனை முழுக்க யாருக்கும் தொண்டையில் ஒன்றும் இருக்காது. பிரசங்கம் நீண்டால்கூடக் கொட்டாவிதான் வரும். கடைசியில் ஐயர் பீடத்தின் முன்னால் நின்று வலது கையை உயர்த்துவார் பாருங்கள், அப்போதுதான் ஆண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் ஜெபின் ஆரம்பிப்பான். "ஹ்ஹ்... ஹேண்ட்!" பக்கத்தில் இருப்பவனுக்கும் அது தொற்றிக்கொள்ளும். "ஹேண்ட்! ஹேண்ட்!" பெண்கள் பக்கத்தில் நாங்கள் முக்காட்டுக்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஆமென் சொல்லுவோம்.

ஐயர் என்றதும் வெளியூர்க்காரர்கள் குழம்ப வேண்டாம். நாசரேத், சாத்தான்குளம் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் சபைக் குருவை அப்படித்தான் சொல்லுவோம். எங்கள் சற்குணபுரத்துக்குப் போன வருஷம் மாற்றலாகி வந்தவர் டேவிட்சன் ஐயர். தங்கமான மனிதர். நோயாளி வீட்டுக்குக் கூப்பிடாமலே போவார். பசி வருவதற்கு முன்னால் பிரசங்கத்தை முடித்துவிடுவார். இதெல்லாம் எங்கள் ஊர் ஆண்களுக்குப் பொருட்டே இல்லை. அவர்களுக்கு அவர் ஐயரே இல்லை. தயாளன் நினைவுக் கோப்பை ஃபைனலில் கையால் கோல் போட்ட டேவிட்சன், அவ்வளவுதான்.

அந்த ஃபைனல் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் அப்போது தூத்துக்குடியில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். சற்குணபுரம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த ஆட்டம் எனக்கு மனப்பாடம். அன்றைக்கு ஊருக்குக் கோல்கீப்பராக நின்றவர் என் வீட்டுக்காரர் நேசக்குமார். கல்யாணமான முதல் வாரம் விருந்துக்குப் போன இடத்தில், இலையில் இரண்டு எலும்பைக் கோல்போஸ்ட்டாக வைத்து, ஒரு உருளைக்கிழங்கைப் பந்தாக உருட்டி எனக்கு விளக்கினார். அவருக்கு வேறு எதையும் அவ்வளவு நன்றாக விளக்கத் தெரியாது என்பது பிறகுதான் புரிந்தது.

அது ஆடிக்காற்று அடிக்கிற காலம். எங்கள் மைதானம் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரத்தில் இருக்கிறது. காற்று கிளம்பினால் செம்மண் எழும்பிப் பக்கத்தில் நிற்பவன் மூஞ்சி தெரியாது. இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் தூத்துக்குடி முத்துநகர் லெவனுக்கு ஒரு கார்னர் கிக். பந்து உயரமாக வந்தது. அந்த அணியின் டேவிட்சன் எம்பினான். என் வீட்டுக்காரர் ஓடி வந்து முஷ்டியை மடக்கிக் குத்தினார். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு மூட்டைச் செம்மண்ணை அள்ளிப் போட்டது. தூசி அடங்கியபோது பந்து வலைக்குள் கிடந்தது. டேவிட்சன் வலது கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு ரெஃப்ரியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். ரெஃப்ரி கண்ணைக் கசக்கிக்கொண்டே கோல் என்று ஊதிவிட்டார்.

கையால் தள்ளியதை யார் பார்த்தது என்று கேளுங்கள். ஊரே பார்த்தது என்பார்கள். பத்தடி தூரத்தில் நின்ற ரெஃப்ரிக்குத் தெரியாதது, அன்றைக்கு மைதானத்துக்கே வராதவர்களுக்கும் தெரிந்திருந்தது.

டேவிட்சன் மேல் குற்றச்சாட்டு மூன்று. கையால் கோல் போட்டது ஒன்று. போட்ட கையைத் தூக்கிக் காட்டி வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சியது இரண்டாவது. பரிசளிப்பின்போது பெரிய மனிதர் நீட்டிய கோப்பையை இடது கையால் வாங்கியது மூன்றாவது. முதல் இரண்டையாவது மன்னிப்பார்கள், மூன்றாவதை மன்னிக்கவே மாட்டார்கள். டீக்கடை லிங்கராஜ் அண்ணாச்சி எங்கள் சபைக்காரர்கூட இல்லை. வருஷத்துக்கு ஒருமுறை சுடலைமாடன் கொடைத் திருவிழாவுக்குப் போகிறவர். அவரே சொல்லுவார்: "கோலு போட்டான், சரி. பீச்சாங்கையால கப்பு வாங்குனான் பாத்தியளா, அதாம்லே திமிரு."

ஐயராக வந்த முதல் வாரம் டேவிட்சன் அந்தக் கடையில் டீ குடிக்கப் போனாராம். கிளாஸை இடது கையால் வாங்கினாராம். "இன்னும் திமிரு போவல" என்று அண்ணாச்சி அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார். ஆசீர்வாதத்தில் ஐயர் கை நேராக நிற்காமல் கோணலாக நிற்பதும் சேர்ந்துகொண்டது. ரெஃப்ரிக்குக் காட்டின மாதிரியே கோயிலிலும் காட்டுகிறான், வேண்டுமென்றே நம்மைச் சீண்டுகிறான் என்று பேசிக்கொண்டார்கள். இருமல் பிறந்தது அப்படித்தான்.

இந்தத் தோல்வியில் என் வீட்டுக்காரருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொத்து, அந்தக் குத்து. "குத்துனேன் பாரு ஒரு குத்து! பந்து கல்லு மாதிரி இருந்துச்சு. என் விரலு ரெண்டு நாள் வீங்கிக் கெடந்துது. நியாயமா அந்தப் பந்து சாயர்புரத்துல போயி விழுந்திருக்கணும்" என்பார். பகலெல்லாம் துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் கன்டெய்னர் நம்பரோடு மல்லுக்கட்டுகிற மனிதர். வாழ்க்கையில் அவர் எதையாவது குத்தினார் என்றால் அந்தப் பந்தைத்தான். அதனால் நானும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்பது போலவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் பிள்ளை பிறக்கிற வரைக்கும் எனக்கு இதெல்லாம் வேடிக்கைதான்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழெட்டு வருஷம் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை, கேட்காத பேச்சு இல்லை. ஒருநாள் மத்தியானம் யாருமில்லாத கோயிலில் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டு அழுதேன். பிள்ளை தந்தால் இதே இடத்தில் கொண்டுவந்து ஞானஸ்நானம் கொடுக்கிறேன் என்று பொருத்தனை செய்தேன். போன கார்த்திகையில் ஸ்டெபி பிறந்தாள். பொருத்தனையைத் தீர்க்க வேண்டும் என்று சொன்னபோதுதான் வீட்டில் பூகம்பம்.

"அந்தக் கை என் பிள்ளை மேல படக்கூடாது" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப யாரு ஞானஸ்நானம் குடுப்பா? லிங்கராஜ் அண்ணாச்சியா?"

"சாயர்புரத்துக்குக் கொண்டு போவோம். அங்கன எங்க சித்தப்பா சபை இருக்கு."

"நான் பொருத்தனை பண்ணது இங்கன."

"கடவுளுக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான் ஷெர்லி."

"அப்ப கடவுளுக்கு எல்லாக் கையும் ஒண்ணுதான்."

பதில் வராவிட்டால் அவர் எடுக்கும் கடைசி ஆயுதம் ஒன்று உண்டு. "ஏளா, நீ தூத்துக்குடிக்காரிலா? உங்க ஊர்க்காரனுக்குத்தான் வக்காலத்து வாங்குவே!"

எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் கையில் கிடந்த கரண்டி பறந்திருக்க வேண்டும். பிள்ளை தூங்குகிறாளே என்று விட்டேன். அடுப்படியில் போய் நின்று அழுதேன். ஒரு பந்துக்காக என் பொருத்தனை வீணாகப் போகிறதே என்று நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. ஒரு வாரம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் அசையவில்லை.

அடுத்த சனிக்கிழமை அவர் ஆபீஸுக்குப் போனதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஐயர் வீட்டுக்குப் போனேன். வருவது வரட்டும், முதலில் நாளைக் குறித்துவிடுவோம் என்ற தைரியம்தான். ஐயரம்மா ஜெப்ஸி என்னைக் கண்டதும் ஒரு தட்டில் மக்ரூன் கொண்டு வைத்தாள். எங்கள் தூத்துக்குடி மக்ரூன். முந்திரி வாசம் மூக்கில் ஏறியதும் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

ஐயர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சந்தோஷப்பட்டார். பிறகு கொஞ்சம் தயங்கினார்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையே வச்சுக்கலாம்மா. ஒண்ணு மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கணும். நான் பிள்ளைக்கு இடது கையாலதான் தண்ணி ஊத்துவேன். இந்த ஊர்ல நான் குடுக்குற மொதல் ஞானஸ்நானம் இது. சிலபேரு தப்பா எடுக்கலாம். உனக்குச் சம்மதமா?"

"ஏன் ஐயா இடது கை?"

அவர் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டி உள்ளங்கையைத் திருப்பினார். இடது கை திரும்பியது. வலது கை பாதியில் நின்றுவிட்டது. விரல்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாங்கள் பார்க்கிற அதே கோணல்.

"மணிக்கட்டு உடைஞ்சு சரியாக் கூடலம்மா. இந்தக் கையில தண்ணி அள்ள முடியாது. பந்து விளையாடுன காலத்துல பட்ட அடி."

"எந்த மேட்சுல?"

ஐயர் மக்ரூன் தட்டைப் பார்த்தார். ஐயரம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "வருஷக்கணக்கா வாயை மூடிக்கிட்டு இருக்காவ. நான் சொல்லுதேன் ஷெர்லி. உங்க ஊரு ஃபைனல்லதான். யாரோ பந்துன்னு நெனச்சு இவுக கையில குத்திட்டாங்களாம். கை தெறிச்சுப் போயி பந்துல பட்டு, பந்து உள்ள போயிட்டு. கை ஒடிஞ்சிட்டுன்னு ரெஃப்ரிகிட்டத் தூக்கிக் காட்டிட்டு ஓடியிருக்காவ. கொண்டாடுதான்னு உங்க ஊர்க்காரங்க கல்லைத் தூக்கிட்டாங்க."

"அப்ப கப்பை இடது கையால..."

"அன்னைக்கு வேலை செஞ்ச கை அது ஒண்ணுதானே" என்றார் ஐயர்.

மூன்று குற்றச்சாட்டும் ஒரே எலும்பில் வந்து நின்றன. "ஏன் ஐயா யாருகிட்டயும் சொல்லல?"

"ஜெயிச்சவன் சொல்லுத விளக்கத்தை எவம்மா கேப்பான்? கையில பட்டுதான் உள்ள போச்சு, அதுவும் நிஜந்தானே." அவர் ஸ்டெபியின் காலை மெல்லத் தட்டினார். "நேசக்குமார் தம்பிகிட்ட இதைச் சொல்லிராத. அந்தக் குத்தைப் பத்தி அவரு சந்தோஷமாச் சொல்லிட்டுத் திரியுதாருன்னு கேள்விப்பட்டேன். அவருகிட்டயே இருக்கட்டும்."

குத்தியது யார் என்று ஐயரம்மா சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் ஐயருக்குத் தெரிந்திருந்தது. ஒரு வருஷமாக ஒவ்வொரு வாரமும் அந்த இருமலைக் கேட்டுக்கொண்டு, குத்தியவர் முன்னாலேயே உடைந்த கையைத் தூக்கி ஆசீர்வதித்திருக்கிறார். நானும் அல்லவா முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டிருந்தேன்! வெட்கமாக இருந்தது.

சொல்லமாட்டேன் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கேள்வி கேட்கமாட்டேன் என்று சொல்லவில்லையே. நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் டீச்சர்.

சாயங்காலம் அவர் வந்ததும் காப்பியைக் கொடுத்து, "அந்தக் குத்தை இன்னொரு தடவை காட்டுங்க" என்றேன். ஒரு வாரம் பேசாதவள் பேசுகிறாள், அதுவும் இதைக் கேட்கிறாள் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையைக்கூட மாற்றாமல் எழுந்து, முஷ்டியை மடக்கிக் காற்றில் ஒரு குத்து விட்டார்.

"பந்து கல்லு மாதிரி இருந்துச்சு, என்ன?"

"கல்லேதான்!"

"அவ்வளவு வேகமாக் குத்துனா பந்து எங்கன போவும்?"

"முன்னால போவும்."

"போச்சா?"

"அவன்தான் கையால தள்ளிட்டானே."

"நீங்க குத்தி சாயர்புரத்துக்குப் போற பந்தை ஒருத்தன் கையால தள்ள முடியுமா? சரி, நீங்க குத்துததுக்கு முன்னாலயே தள்ளிட்டான்னு வைங்க. பந்துதான் போயிட்டே. அப்ப நீங்க குத்துனது எதை?"

அவர் காற்றில் இன்னொரு தடவை, இந்த முறை மெதுவாகக் குத்திப் பார்த்தார்.

"காத்தடிச்ச தோலுப் பந்து. அது எப்பிடிங்க கல்லு மாதிரி இருக்கும்? பந்துக்குள்ள எலும்பா இருந்துச்சு?"

அவர் மடக்கிய முஷ்டியை இறக்கவே இல்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். "அவுக ஏன் கப்பை இடது கையால வாங்குனாவ?"

காப்பி ஆறிப்போனது. அவர் தொட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்த முஷ்டியை விரித்து, பிள்ளையைத் தொடாமல் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு இருந்தது அந்த ஒரு குத்துதான், அதையும் பறித்துவிட்டேனே என்று பாவமாக இருந்தது. தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "ஞானஸ்நானத்தை இங்கனயே வச்சுக்குவோம்" என்றார்.

எனக்கு அது போதும். ஊருக்கு அவர் எதையும் சொல்ல வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அந்த வாரம் டீக்கடையில் அவரைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். பொண்டாட்டி மிரட்டியதும் ரோஷத்தை மறந்துவிட்டான் என்று ஜெபின் சொன்னானாம். அண்ணாச்சி டீயைக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இவர் வாயே திறக்கவில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. ஞானஸ்நானத்துக்குப் பிறகு பிரியாணி என்று சொல்லியிருந்ததால் அண்ணாச்சியும் வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றார். பிள்ளையை நான் ஐயரிடம் கொடுத்தேன். அவர் வலது முழங்கையில் பிள்ளையைச் சாய்த்துக்கொண்டு இடது கையைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோனார்.

"பீச்சாங்கைலே!" என்று கடைசி பெஞ்சில் முணுமுணுப்பு கிளம்பியது.

என் வீட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்தார். ஞானஸ்நானக் கல்தொட்டிக்குள் இருந்த தண்ணீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினார். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்குட்டியார் வேதமணி பதறிப்போய்த் தடுக்க வந்தார். இவர் கேட்கவில்லை. கிண்ணத்தை ஐயரின் வலது கைக்குப் பக்கத்தில், அந்தக் கோணல் விரல்கள் எட்டுகிற உயரத்துக்குக் கொண்டுபோய்ப் பிடித்தார்.

"ஐயா, வலது கையாலயே குடுங்க" என்றார்.

ஐயர் அவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சத்தியமாகச் சொல்லவில்லை என்பது போலத் தலையை ஆட்டினேன். ஐயர் பிள்ளையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, திரும்ப மறுத்த வலது கையின் விரல்களைக் கிண்ணத்தில் நனைத்து ஸ்டெபியின் நெற்றியில் வைத்தார். மூன்று தடவை. எந்தக் கை பிள்ளை மேல் படக்கூடாது என்று எங்கள் வீடு ஒரு வாரம் அடுப்பாக எரிந்ததோ, அந்தக் கை. என் கண் நிறைந்துவிட்டது. ஸ்டெபி தும்மினாள்.

பிறகு ஐயர் பிள்ளையை ஆசீர்வதிக்கக் கையை உயர்த்தினார். பழக்கதோஷம், கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. "ஹ்ஹ்... ஹேண்ட்!"

என் வீட்டுக்காரர் கிண்ணத்தோடு அப்படியே திரும்பினார்.

"ஏலே ஜெபின், இருமாதலே. அவுக கையால தள்ளல. பந்துன்னு நெனச்சு அந்தக் கையைக் குத்தி ஒடிச்சது நான். கை ஒடிஞ்சிட்டுன்னுதான் ரெஃப்ரிகிட்டக் காட்டிட்டு ஓடுனாவ. நாமதான் கல்லெடுத்தோம்." கிண்ணத்துத் தண்ணீர் அவர் சட்டையில் சிந்தியது. "கப்பை இடது கையால வாங்குனதும் அதனாலதான். இத்தனை வருஷமா அந்தக் குத்தைச் சொல்லிப் பெருமை அடிச்சிட்டுத் திரிஞ்சேன். மன்னிச்சிருங்க ஐயா."

அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து லிங்கராஜ் அண்ணாச்சியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"அப்ப அது ஓன் கோலா வே? நம்ம வலையில நீரே போட்டதா?"

முதலில் சிரித்தது ஐயர்தான். தூக்கிய கை தூக்கியபடியே, தோள் குலுங்கச் சிரித்தார். பிறகு கோயிலே சிரித்தது. "ரெஃப்ரி முடிவே இறுதியானது அண்ணாச்சி" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து ஆசீர்வாதத்தைத் தொடர்ந்தார். அன்றைக்கு ஆமென் சொன்னபோது ஆண்கள் பக்கம்தான் சத்தம் பெரிதாக இருந்தது.

எங்கள் ஊர் திருந்திவிட்டது என்று நினைத்தால் உங்களைப் போல அப்பாவி கிடையாது. வன்மம் வீடு மாறியது, அவ்வளவுதான். கை ஐயருடையது, குத்து நேசக்குமாருடையது, அப்படியானால் கோல் யாருடையது என்று டீக்கடையில் இரண்டு கட்சி ஆகிவிட்டது. ஐயர் தெருவில் போனால் அண்ணாச்சி கூப்பிட்டு உட்காரவைத்து, கிளாஸை அவருடைய இடது கைப் பக்கமாகப் பார்த்து வைக்கிறார். ஆசீர்வாத நேரத்தில் இப்போது யாருக்கும் இருமல் இல்லை. என் வீட்டுக்காரர் கடைப் பக்கம் தலைகாட்டினால்தான் ஜெபினுக்குத் தொண்டை கரகரக்கிறது. "ஹ்ஹ்... ஓன் கோல்!"

"இது அடங்கப் பன்னிரண்டு வருஷம் ஆவும் போல" என்று வீட்டுக்கு வந்து புலம்புகிறார். புலம்பி முடித்ததும் ஸ்டெபியைத் தோளில் போட்டுக்கொண்டு மறுபடியும் அதே கடைக்குத்தான் போகிறார்.